திருடியைத் துரத்திக் கற்ற பூகோளம்

1985-ஆம் ஆண்டில், ஆப்பிள் II கம்ப்யூட்டர் வைத்திருந்த ஓர் அமெரிக்கக் குடும்பத்தார், 'வேர் இன் தி வேர்ல்ட் இஸ் கார்மென் சான்டியேகோ?' என்று ஒரு முழு வினாவையே பெயராகச் சூட்டிக்கொண்டு வந்த புதிய விளையாட்டை வாங்கிப் பெட்டியைப் பிரித்தார்களானால், விளையாட்டு பதிவாகியிருந்த மெல்லிய பிளாப்பித் தட்டோடு, அதைப் போலப் பல மடங்கு கனமுள்ள அச்சுப் புத்தகம் ஒன்றும் உள்ளே இருக்கக் காண்பார்கள். 'வேர்ல்ட் அல்மனாக்' என்ற அந்தப் புத்தகம், 1868-இல் நியூயார்க் பத்திரிகை ஒன்றால் ஆரம்பிக்கப்பட்டு, இடையே சில வருஷங்கள் நின்றுபோய், 1886-இல் ஜோசப் புலிட்சரால் மீண்டும் உயிர்பெற்று, தேசங்களின் தலைநகரங்கள், கொடிகள், நாணயங்கள், விளைபொருள்கள், ஜனத்தொகை முதலான சகல விவரங்களையும் பொடி எழுத்தில் அடைத்து ஆண்டுதோறும் வெளிவந்துகொண்டிருப்பது. குழந்தைகளின் கேளிக்கைக்கென்று விற்ற பண்டத்தில் இத்தகைய நூலுக்கு என்ன வேலை என்று வாங்கியவர்களில் பலர் யோசித்திருப்பார்கள். பூகோளத்தைக் கற்பிக்க வந்த கம்ப்யூட்டர் விளையாட்டுகளில் இதற்கு ஈடாக மற்றொன்று பிறகு தோன்றவில்லை என்று எண்ணுகிறவர்களில் நானும் ஒருவன். அந்தப் பெருமையில் பெரும் பங்கு கம்ப்யூட்டருக்குள்ளே ஓடிய நிரலுக்கு அன்று, வெளியே மேஜைமேல் கிடந்த புத்தகத்துக்கே உரியது என்பது என் கட்சி.

விளையாட்டை வெளியிட்ட புரோடர்பண்ட் நிறுவனத்தை 1980-இல் தொடங்கியவர்கள் டக் கார்ல்ஸ்டன், கேரி கார்ல்ஸ்டன் என்னும் சகோதரர் இருவர். ஆரிகன் மாநிலத்து யூஜீன் நகரில் பிறந்து, பின்னர் கலிபோர்னியாவின் சான் ரஃபேலுக்குக் குடிபெயர்ந்த அந்நிறுவனத்தின் பெயரை நம்மவர் அறியாவிட்டாலும், தொண்ணூறுகளில் கம்ப்யூட்டர் கண்ட தமிழ்ப் பிள்ளைகள் கத்தியைச் சுழற்றிச் சுழற்றி ஆடிய 'பிரின்ஸ் ஆஃப் பெர்ஷியா' 1989-இல் அங்கிருந்து வந்ததே என்று சொன்னால் அடையாளம் தெரிந்துவிடும். டிஸ்னி நிறுவனத்தில் சித்திரக்காரராக இருந்த ஜீன் போர்ட்வுட்டும், லாரன் எலியட்டும் விளையாட்டின் வடிவத்தை வகுத்தார்கள். டேன் பிகம் நிரல் எழுதினார். டேவிட் சீஃப்கின் என்ற எழுத்தாளர் கதையை எழுதி, திருட்டுக் கும்பலின் தலைவிக்குக் கார்மென் சான்டியேகோ என்று நாமகரணம் செய்தார். பெட்டியில் அல்மனாக்கைச் சேர்க்கலாம் என்ற யோசனை கேரி கார்ல்ஸ்டனுடையது. பாடப்புத்தகத்துக்குப் பதிலாக ஒன்றைச் செய்யப் புறப்பட்டவர்கள் அல்லர் இவர்கள். கல்விச் சாதனம் என்ற முத்திரை விழுந்தால் பிள்ளைகள் பக்கத்திலேயே வரமாட்டார்கள் என்பதை நன்கு உணர்ந்து, துப்பறியும் கதையாகவே அதை அலங்கரித்து வெளியே அனுப்பினார்கள்; அதைப் பாடமென்று கண்டுகொண்டவர்கள் பள்ளி ஆசிரியர்களே.

கதை மிக எளியது. உலகத்தின் ஏதோ ஒரு நகரத்தில் விலைமதிப்பற்ற பொருள் ஒன்று களவு போகிறது. களவாடியவர் கார்மெனின் கும்பலைச் சேர்ந்த பத்துப் பேரில் ஒருவர். கார்மெனும் அந்தப் பத்தில் ஒருத்தி. ஆக்மி துப்பறியும் நிலையத்தில் கற்றுக்குட்டியாகச் சேர்ந்திருக்கும் நமக்குத் திங்கட்கிழமை காலை 9 மணிக்கு வழக்கு ஒப்படைக்கப்படுகிறது. ஞாயிற்றுக்கிழமை மாலை 5 மணிக்குள் திருடரைப் பிடித்தாக வேண்டும். களவு நடந்த ஊரில் வங்கி, நூலகம், விமான நிலையம் என்று விசாரிப்பதற்குச் சில இடங்கள் உண்டு. அங்கே இருக்கிறவர்கள் தாம் கண்டதையும் கேட்டதையும் சொல்லுவார்கள். ஆனால் ஊரின் பெயரை ஒருவரும் சொல்லமாட்டார்கள். வந்தவர் தம் பணத்தையெல்லாம் யென்னாக மாற்றிக்கொண்டு போனார் என்பார் ஒருவர். இன்ன நிறங்கள் கொண்ட கொடி பறந்த விமானத்தில் ஏறினார் என்பார் இன்னொருவர். இன்ன விளைபொருளைப் பற்றி ஏதோ கேட்டார் என்பார் மூன்றாமவர். இவற்றைக்கொண்டு அவர் எங்கே போயிருப்பார் என்று நாமே தேர்ந்து, திரையில் காட்டப்படும் ஊர்களுள் ஒன்றுக்கு விமானம் ஏறவேண்டும். தவறான ஊருக்குப் போய் இறங்கினால், அப்படி ஒருவரை நாங்கள் கண்டதே இல்லை என்று எல்லாரும் கையை விரிப்பார்கள். வந்த வழியே திரும்பிப் போகவேண்டும். அதற்குள் பொன்னான பொழுது கரைந்திருக்கும். விசாரணைக்கு ஆகும் நேரத்தையும், விமானப் பயணத்துக்கு ஆகும் நேரத்தையும், இரவு தூங்கும் நேரத்தையும்கூடக் கம்ப்யூட்டர் தயவுதாட்சணியமின்றிக் கழித்துக்கொண்டே வரும்.

இடத்தைக் கண்டுபிடித்தால் மட்டும் போதாது, ஆளையும் அடையாளம் கண்டாகவேண்டும் என்ற விதி இதில் இன்னொரு நேர்த்தி. திருடர் ஆணா பெண்ணா, தலைமயிர் என்ன நிறம், டென்னிஸ் ஆடுகிறவரா மலை ஏறுகிறவரா, மோட்டார் சைக்கிளில் வருவாரா திறந்த காரில் வருவாரா, உடம்பில் தழும்போ பச்சையோ உண்டா என்று சாட்சிகள் இடையிடையே உதிர்க்கும் சொற்களைச் சேர்த்துக் கம்ப்யூட்டரில் பதிந்தால், பத்துப் பேரில் ஒருவர் மட்டும் எஞ்சும்போது கைது வாரண்டு கிடைக்கும். வாரண்டு இல்லாமல் திருடருக்கு நேரெதிரே போய் நின்றாலும் பயனில்லை. அவர் நம் கண்முன்னேயே நழுவிவிடுவார். வடுவூர் துரைசாமி ஐயங்காரின் துப்பறியும் நாவல்களைக் கையிலெடுத்து விளக்கில் எண்ணெய் தீரும்வரை கீழே வைக்காத பழைய தலைமுறை வாசகர்களுக்கு இந்த ருசி புதிதன்று; புதிது என்னவென்றால், அத்தியாயத்திலிருந்து அத்தியாயத்துக்குப் போவதற்கு இங்கே பக்கத்தைப் புரட்டினால் போதாது, பூகோளம் தெரிந்திருக்கவேண்டும் என்பதே.

அந்த முதற் பதிப்பில் இருந்த நகரங்கள் 30. லண்டன், பாரிஸ், ரோம், நியூயார்க், டோக்கியோ, மாஸ்கோ முதலிய பிரசித்தமான பட்டணங்களோடு நிறுத்திக்கொண்டிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்கமாட்டார்கள். ஆயினும் இவர்கள், இந்து மகாசமுத்திரத்தில் பொட்டுப் போலக் கிடக்கும் கொமோரோ தீவுகளின் தலைநகரான மொரோனியையும், மாலி தேசத்து பமாக்கோவையும், ருவாண்டாவின் கிகாலியையும், பப்புவா நியூகினியின் போர்ட் மோர்ஸ்பியையும், ஐஸ்லாந்தின் ரேக்யாவிக்கையும், நாலாபுறமும் இத்தாலியால் சூழப்பட்ட சான் மரினோவையும் பட்டியலில் வைத்தார்கள். புதுதில்லி இருந்தது, காட்மாண்டு இருந்தது, நமக்கு இன்னும் அணுக்கமான கொழும்பும் சிங்கப்பூரும் இருந்தன. தன் மாவட்டத்தைத் தாண்டாத ஓர் அமெரிக்கச் சிறுவன், மொரோனிக்கும் மான்ட்ரியலுக்கும் சமமான மரியாதை கொடுத்து, இரண்டிடத்துக்கும் ஒரே ஆவலோடு விமானம் ஏறினான் என்பது எளிய காரியமா? பாடப்புத்தகம் எழுதுகிறவர்கள் பெரிய தேசங்களுக்கு ஒரு பக்கமும் சிறிய தேசங்களுக்கு ஒரு வரியும் ஒதுக்குவார்கள். திருடருக்கு அந்தப் பாரபட்சம் கிடையாது. ஒளிவதற்கு எந்த ஊரானாலும் ஊர்தான்.

இனிப் புத்தகத்தின் கதைக்கு வருவோம். ஆப்பிள் II கம்ப்யூட்டரின் பிளாப்பித் தட்டில் ஒரு பக்கத்துக்கு 140 கிலோபைட் அளவுதான் எழுத முடியும்; இன்று கைபேசியில் எடுக்கும் ஒரே ஒரு புகைப்படத்துக்குக்கூட அது பற்றாது. 30 நகரங்களின் சித்திரங்களையும், சாட்சிகளின் பேச்சையும், திருடர்களின் ஜாதகங்களையும் அதற்குள் திணித்த பிறகு, தேசங்களைப் பற்றிய விளக்கத்துக்கு அங்கே இடம் ஏது? ஆகவே கேள்வி தட்டில் இருந்தது, விடை புத்தகத்தில் இருந்தது. ஒரு நாணயத்தின் பெயரைச் சாட்சி சொன்னதும் விளையாடுகிறவன் திரையை விட்டுக் கண்ணை எடுத்து, அல்மனாக்கின் பொருளகராதியைப் புரட்டி, பக்கத்தைக் கண்டுபிடித்து, அந்த நாணயம் வழங்கும் தேசத்தின் பெயரைப் படித்து, அதன் தலைநகரம் எதுவென்று அடுத்த வரியில் பார்த்துக்கொண்டு திரும்பிவர வேண்டும். தேடிய வரியை மட்டும் படித்துவிட்டுத் திரும்புகிறவர் உலகத்தில் மிகச் சிலரே. மேலும் கீழும் உள்ள வரிகளில் கண் ஓடத்தான் செய்யும். ஒரு தேசத்தைத் தேடப் போய் அதன் அண்டைத் தேசங்கள் மூன்றோடு பரிச்சயம் ஏற்பட்டுவிடும். ஆசிரியர் கொடுத்திருந்தால் முகம் சுளித்து வாங்கி வைக்கும் அதே புத்தகத்தை, திருடர் தப்பிவிடுவாரே என்ற பதைப்பில் வியர்வை படிந்த விரல்களால் புரட்டிக்கொண்டிருக்கும் பிள்ளை, தான் படித்துக்கொண்டிருக்கிறோம் என்பதையே அறியாது.

இதில் வியாபார சாமர்த்தியமும் கலந்திருந்தது என்பதை மறைப்பானேன்? அக்காலத்தில் ஒருவர் விலைக்கு வாங்கிய தட்டை அண்டை வீட்டார் பத்துப் பேர் நகலெடுத்துக்கொள்வது சர்வசாதாரணம். ஆகையால், விளையாடுகிறவர் பதவி உயர்வு பெறும் கட்டத்தில் கம்ப்யூட்டர் அவரை நிறுத்தி, அல்மனாக்கின் குறிப்பிட்ட பக்கத்தில் உள்ள ஒரு சொல்லைக் கூறும்படி கேட்கும். பெட்டியோடு வாங்கியவரிடம் புத்தகம் இருக்கும், கள்ளப் பிரதி எடுத்தவரிடம் இராது. களவைத் தடுக்க வைத்த பூட்டே கல்விக்குத் திறவுகோலாகவும் அமைந்தது, களவைப் பற்றிய ஒரு விளையாட்டுக்குப் பொருத்தமான விநோதந்தான். இந்த முறை பலித்ததைக் கண்டு, 1986-இல் அமெரிக்க ஐக்கிய நாடுகளைப் பற்றிய அடுத்த விளையாட்டோடு ஃபோடர்ஸ் பிரயாண வழிகாட்டியையும், 1988-இல் ஐரோப்பாவைப் பற்றியதோடு ராண்ட் மக்னாலி தேசப்படப் புத்தகத்தையும், 1989-இல் சரித்திர காலங்களுக்குள் திருடரைத் துரத்தும் விளையாட்டோடு ஒரு கலைக்களஞ்சியத்தையும் சேர்த்தே விற்றார்கள்.

பூகோளத்தை விளையாட்டாகச் சொல்லிக்கொடுக்கும் ஆசை கம்ப்யூட்டரோடு பிறந்ததன்று. 1759-இலேயே லண்டனில் ஜான் ஜெஃப்ரீஸ் என்பவர், ஐரோப்பாவின் படத்தின்மேல் கட்டங்களை வரைந்து, ஊர் ஊராக நகர்ந்துபோகும் 'பூகோள விளையாட்டு' ஒன்றை அச்சிட்டு வெளியிட்டார். ரோமாபுரிக் கட்டத்தில் வந்து நிற்கிறவன் போப்பாண்டவரின் பாதத்தை முத்தமிட்ட குற்றத்துக்காகக் குளிர் மிகுந்த ஐஸ்லாந்துக்கு நாடு கடத்தப்பட்டு, மூன்று ஆட்டம் சும்மா இருக்கவேண்டும் என்பது அதன் விதிகளுள் ஒன்று. புராட்டஸ்டண்டு இங்கிலாந்தின் மனோபாவம் பிள்ளைகளின் ஆட்டப்பலகையில்கூட எவ்வளவு சுறுசுறுப்பாக வேலை செய்தது, பாருங்கள். சில வருஷங்களுக்குள் ஜான் ஸ்பில்ஸ்பரி என்ற படச்செதுக்குநர், தேசப்படத்தை மரப்பலகையில் ஒட்டி, தேசங்களின் எல்லையையொட்டித் துண்டு துண்டாக அறுத்து, பிள்ளைகள் மறுபடி பொருத்திப் பழகும்படி விற்றார். இன்றைய துண்டுப்பட விளையாட்டுகளுக்கெல்லாம் அதுவே மூலபுருஷன். ஜெஃப்ரீஸின் பலகையில் ஒருவனை முன்னே தள்ளியது சுழற்றிவிட்ட பம்பரத்தில் விழுந்த எண். பாரிஸ் எங்கே இருக்கிறதென்று தெரிந்தவனும் தெரியாதவனும் ஒரே வேகத்தில் போனார்கள். கார்மெனைத் துரத்துகிறவனுக்கோ அதிர்ஷ்டம் அதிக தூரம் துணைக்கு வராது; கண்ணை மூடிக்கொண்டு ஊரைத் தேர்ந்தால் ஞாயிற்றுக்கிழமை மாலை வந்துவிடும்.

இதெல்லாம் பூகோளம் ஆகுமா என்று கேட்கும் பண்டிதர்கள் உண்டு. தலைநகரம், கொடி, நாணயம் ஆகியவற்றின் பெயர்களை ஒப்பிப்பது பூகோள சாஸ்திரத்தின் புறவாசல்கூட அன்று. ஆறு ஏன் இந்த இடத்தில் வளைகிறது, மழை ஏன் மலையின் ஒரு பக்கத்தில் மட்டும் பெய்கிறது, ஜனங்கள் ஏன் கடற்கரையை விட்டு உள்நாட்டுக்குப் போகிறார்கள் என்று காரணம் தேடுவதே சாஸ்திரம் என்று அவர்கள் சொல்வதில் பிழை இல்லை. ஆயினும், கிகாலி என்ற பெயரையே கேட்டிராத பிள்ளையிடம் ருவாண்டாவின் மலைச்சரிவுகளைப் பற்றி எந்தக் காரணத்தை விளக்குவது? பெயரைத் தெரிந்துகொண்டவனுக்கு அந்தப் பெயர் செய்தித்தாளில் வரும்போது கண் நிற்கும். நின்ற கண் படிக்கும். இவ்வளவு உதவி செய்தால் போதும் என்று நான் ஒரு விளையாட்டை மன்னித்துவிடுவேன்.

மன்னிக்கத் தயங்குவது வேறொன்றை. அந்த விளையாட்டின் உலகத்தில் எல்லா ஊர்களும் அமைதியாக இருக்கின்றன; நடக்கும் குற்றம் ஒன்றே ஒன்று, அது கார்மெனின் கும்பல் செய்யும் களவு. 1985-இல் அமெரிக்கச் சிறுவன் திருடரைத் துரத்திக்கொண்டு கொழும்பில் இறங்கினான். 1983 ஜூலையில் அதே கொழும்பின் தெருக்களில் தமிழர்களின் வீடுகளும் கடைகளும் கொளுத்தப்பட்டு, ஆயிரக்கணக்கானோர் அகதிகளாகக் கப்பலேறிய செய்தி அவன் திரையில் இல்லை. பாக்தாதில் இறங்கினான்; ஈரானோடு ஐந்து வருஷமாக யுத்தம் நடந்துகொண்டிருந்த தேசத்தின் தலைநகரம் அது என்பதை எந்தச் சாட்சியும் அவனிடம் சொல்லவில்லை. பிள்ளைகளின் விளையாட்டில் இரத்தம் வேண்டுமென்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் ஒரு தேசம் என்பது ஒரு கொடி, ஒரு நாணயம், ஒரு விளைபொருள் என்று அடங்கிவிடும்போது, அங்கே வாழும் மனிதர்கள், வழிப்போக்கன் கேட்டதற்கு ஒரு வாக்கியத்தில் பதில் சொல்லிவிட்டு மறையும் சாட்சிகளாகவே நின்றுவிடுகிறார்கள்.

காலமும் தன் பங்குக்கு விளையாடியது. 1991-இன் இறுதியில் சோவியத் யூனியன் மறைந்து, செங்கொடி இறங்கியது. 2002-இல் யூரோ நாணயம் கைக்குக் கை மாறத் தொடங்கியதும், பிரான்சின் ஃபிராங்கு, இத்தாலியின் லீரா, கிரேக்கத்தின் டிராக்மா ஆகிய மூன்றும் புழக்கத்தை விட்டே போயின. பணத்தை டிராக்மாவாக மாற்றினார் என்ற ஒரு சொல்லே முன்பு ஆதென்ஸைக் காட்டிக்கொடுத்துவிடும். இன்றோ யூரோவாக மாற்றினார் என்றால் திருடர் ஆதென்ஸில் இருக்கிறாரா, ரோமில் இருக்கிறாரா, பாரிஸில் இருக்கிறாரா, சான் மரினோவில் இருக்கிறாரா என்று எந்தத் துப்பறியும் நிபுணராலும் கூற முடியாது. தட்டில் எழுதியது எழுதியதுதான்; புத்தகம் மட்டும் அடுத்த ஆண்டு புதிதாக வரும். அறிவைத் தட்டுக்கு வெளியே வைத்ததில் இப்படியும் ஓர் அனுகூலம்.

இந்த நிலையாமையைத் தொலைக்காட்சிக்காரர்கள் நேரடியாகவே சந்தித்தார்கள். 1988-இல் நேஷனல் ஜியாகிரபிக் சங்கத்துக்காகக் காலப் நிறுவனம் ஒன்பது தேசங்களில் நடத்திய பரீட்சையில், 18 முதல் 24 வயது வரையுள்ள அமெரிக்கர்கள் கடைசி இடத்தில் வந்தார்கள். உலகப்படத்தில் பசிபிக் மகாசமுத்திரத்தையே காட்டத் தெரியாதவர்கள் அந்நாட்டில் ஏராளம் என்பது அம்பலமாயிற்று. அந்த வெட்கம் ஆறுமுன்பே, 1991-இல் பொதுத் தொலைக்காட்சியில் கார்மென் சான்டியேகோவின் பெயரால் பிள்ளைகளுக்கான வினாவிடைப் போட்டி ஒன்று தொடங்கி 1995 வரை நடந்தது. இறுதிச் சுற்றில், தரை முழுவதும் விரித்த பெரிய தேசப்படத்தின்மேல் ஒரு பிள்ளை ஓடி ஓடி, 45 விநாடிக்குள் சொன்ன இடங்களிலெல்லாம் அடையாளக் கம்பத்தை நாட்டவேண்டும். ஆரம்பித்த வருஷத்திலேயே சோவியத் யூனியன் சிதறிற்று. தொடர்ந்து யுகோஸ்லாவியா உடைந்தது, செக்கோஸ்லாவாக்கியா இரண்டாயிற்று. நிகழ்ச்சியைப் பதிவு செய்வதற்கும் ஒளிபரப்புவதற்கும் இடையே எல்லைகள் நகர்ந்துகொண்டிருந்தபடியால், பூகோள விவரங்கள் யாவும் பதிவு செய்த தேதியில் சரியாக இருந்தவை என்று ஓர் அறிவிப்பை முடிவில் சேர்த்தார்கள். எல்லாத் தேசப்படங்களின் மூலையிலும் அச்சிடத் தகுந்த அறிவிப்பு.

இந்த வரிசையில் எனக்கு மிகவும் பிரியமானது, அதிகம் பேர் கண்ணால் கண்டிராத ஒரு பதிப்பு. அமெரிக்காவின் வடக்கு ஓரத்தில், கோதுமை வயல்களும் கடுங்குளிரும் மிகுந்து ஜனங்கள் குறைந்து கிடக்கும் வட டகோட்டா, 1889-இல் தனி மாநிலமானது. 1989-இல் அதன் நூற்றாண்டு விழா. அந்த மாநிலத்து ஆசிரியர்கள் சிலர் புரோடர்பண்டை அணுகி, கார்மென் தங்கள் மாநிலத்துக்குள்ளேயே சுற்றித் திரியும் ஒரு விளையாட்டைச் செய்யச் சம்மதிக்க வைத்தார்கள். நிறுவனம் நிரலைக் கொடுக்கும். செய்தி முழுவதையும் ஆசிரியர்களே திரட்டித் தரவேண்டும். பாரிஸைப் பற்றித் துப்பு எழுதுவது சுலபம். சில ஆயிரம் பேர் வசிக்கும் ஒரு சமவெளிச் சிற்றூரைப் பற்றி, அதை மட்டுமே குறிக்கும்படியான ஒரு விசேஷத்தைத் தேடிப் பிடிப்பது அப்படியன்று. ஊர் ஊராக இந்த ஊரின் தனித்தன்மை யாது என்று கேட்டு அலசியபோது, துப்பறிந்தவர்கள் அந்த ஆசிரியர்களே. விளையாடிய பிள்ளைகளைவிட அவர்கள் அதிகம் கற்றிருப்பார்கள் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஒவ்வொரு மாநிலத்துக்கும் இப்படி ஒன்று செய்யலாம் என்ற எண்ணம், உழைப்பையும் செலவையும் கண்டு கைவிடப்பட்டது. உலகத்தை 30 ஊர்களில் சுருக்கிவிடலாம், ஒரு மாநிலத்தைச் சுருக்குவது அதைவிடக் கடினம். நம் திருவண்ணாமலை மாவட்டத்துக்கோ யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கோ இத்தகைய துப்புகளை எழுத உட்கார்ந்து பார்த்தால் அந்தக் கஷ்டத்தின் சுவை தெரியும்.

பிறகு வந்தது சிடி-ராம் காலம். 140 கிலோபைட்டில் குடித்தனம் நடத்திய விளையாட்டுக்கு ஒரேயடியாக 600 மெகாபைட்டுக்கு மேல் இடம் கிடைத்தது. வர்ணப் படங்களும், அந்தந்த நாட்டு இசையும், பேசும் மனிதர்களும், தேசங்களைப் பற்றிய குறிப்புகளும் தட்டுக்குள்ளேயே வந்து குடியேறின. சந்தேகம் தோன்றினால் ஒரு சொடுக்கில் விடை. பார்வைக்கு அவை மிக மிக அழகு என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் விடை கேள்விக்குப் பக்கத்திலேயே வந்து உட்கார்ந்துகொண்ட பிறகு, தேடிப் போகும் வேலை போயிற்று. தேடிப் போகிற வழியில் தற்செயலாகக் கண்ணில் பட்ட அண்டைத் தேசங்களும் போயின. 1998-இல் புரோடர்பண்டையே லேர்னிங் கம்பெனி என்ற நிறுவனம் வாங்கிக்கொண்டது. கார்மென் அதன்பின் கைமாறிக் கைமாறி, 2019-இல் நெட்பிளிக்ஸ் சித்திரத் தொடரில் திருடர்களிடமிருந்தே திருடும் நல்ல பெண்ணாக மாறியதும், அதே வருஷம் கூகுள் எர்த்தின் உருண்டையின்மேல் பழைய விளையாட்டு ஒரு குட்டி வடிவத்தில் மறுபிறவி எடுத்ததும் தனிக் கதை.

பழைய பதைப்பு இன்று வேறொரு விளையாட்டில் உயிரோடு இருக்கிறது. 2013-இல் ஆன்டன் வாலேன் என்ற ஸ்வீடன் நாட்டு நிரலாளர் உருவாக்கிய 'ஜியோகெஸ்ஸர்', கூகுளின் தெருக்காட்சிப் படங்களில் ஏதோ ஒன்றின் நடுவே நம்மை இறக்கிவிட்டு, இது உலகத்தில் எந்த இடம், படத்தில் குத்திக்காட்டு என்கிறது. குத்திய இடத்துக்கும் உண்மையான இடத்துக்கும் உள்ள தூரத்தைப் பொறுத்து, சுற்றுக்கு அதிகபட்சம் 5,000 புள்ளிகள். சாட்சிகள் இல்லை, நாணயம் இல்லை, கொடிகூட அநேகமாக இராது. இருப்பதெல்லாம் ஒரு சாலை, இரண்டு மரம், ஒரு மின்கம்பம். நிழல் விழும் திசையிலிருந்து பூமத்திய ரேகைக்கு வடக்கா தெற்கா என்றும், மண்ணின் நிறத்திலிருந்தும், நடைபாதைக் கற்களிலிருந்தும், சாலை நடுவே இட்ட கோட்டின் வர்ணத்திலிருந்தும், கம்பத்தின் அமைப்பிலிருந்தும் எந்தத் தேசம் என்றும் ஊகிக்கிறார்கள். கார்மெனின் விளையாட்டு காட்டாமல் விட்ட மண்ணையும் வெயிலையும் இது காட்டுகிறது. கார்மெனின் விளையாட்டு கேட்ட சரித்திரப் பெயர்களை இது கேட்பதில்லை. பண்டிதர்களின் பூகோளத்துக்கு எது அருகில் என்று அவர்களே சண்டையிட்டுக்கொள்ளட்டும்.

இந்தியாவில் தெருக்காட்சிக்கு வெகுகாலம் அனுமதி இல்லாதிருந்து, 2022 ஜூலையில்தான் சென்னை உட்படப் பத்து நகரங்களில் அது முறையாகத் தொடங்கியது. அதன்பின் தமிழ்ப் பெயர்ப்பலகைகள் இந்த விளையாட்டுக்காரர்களுக்குப் பெரிய துப்பாகிவிட்டன. தமிழ் ஒரு வார்த்தை தெரியாத ஐரோப்பிய இளைஞர்கள், இது மலையாளம் அன்று, தமிழ் என்று எழுத்தின் வளைவையும் புள்ளியையும் கொண்டு பிரிக்கப் பழகியிருக்கிறார்கள். பழகிய பின்னும் அவர்கள் வேலை முடிவதில்லை. பலகையில் தமிழ் மட்டும் இருந்தால் தமிழ்நாடு என்று குத்தலாம்; மேலே சிங்களம், அடுத்துத் தமிழ், கீழே ஆங்கிலம் என்று மூன்று வரி கண்டால் இலங்கை; சீனம், மலாய், ஆங்கிலம் ஆகியவற்றோடு அபாய எச்சரிக்கைப் பலகையில் தமிழும் நின்றால் சிங்கப்பூர்.